நான்கு பேய்க்கும் ஒரே வழியா?

பொழுதுபோக்காக கேம் செய்கிறவர்களின் கணினியைத் துழாவினால் பாதியில் நின்ற பேக்-மேன் ஒன்று அநேகமாகக் கிடைக்கும். சுவர்கள் அழகாக இருக்கும், புள்ளிகள் மறையும், ஸ்கோர் ஏறும். பேய்களோடுதான் தகராறு. நேரம் கிடைக்கவில்லை என்பார்கள். நான் நம்புவதில்லை. செய்தவருக்கே ஆட்டம் அலுத்துப்போயிருக்கும்.

கோடாட் போன்ற எஞ்சின்களில் குறுகிய வழி தேடும் ஏ-ஸ்டார் தயாராகவே கிடைக்கிறது. அதை நான்கு பேய்க்கும் மாட்டிவிடுகிறோம். இலக்கும் ஒன்று, வழியும் ஒன்று. சற்று நேரத்தில் நான்கும் ரயில் பெட்டிபோல நம் பின்னால் கோத்துக்கொண்டு வரும். நிற்காமல் ஓடினால் போதும், மாட்டவே மாட்டோம்.

1980இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாடானி உருவாக்கிய பேய்களுக்கு இவ்வளவு புத்தி கிடையாது. சந்திக்கு வந்ததும், பக்கத்துக் கட்டங்களில் எது இலக்குக்கு நேர்கோட்டில் கிட்டே இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். குறுக்கே சுவர் இருப்பதெல்லாம் கணக்கிலேயே வராது. சூட்சுமம் இலக்கில் இருக்கிறது. பிளிங்கி நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். பிங்கி நமக்கு நான்கு கட்டம் முன்னால். (நாம் மேலே போகும்போது அந்தக் குறி இடப்பக்கமும் நான்கு கட்டம் நகர்ந்துவிடும், நிரல் பிழைதான்.) இங்கி, நமக்கு இரண்டு கட்டம் முன்னால் உள்ள இடத்துக்குப் பிளிங்கியிலிருந்து கோடு இழுத்து, அதை இரு மடங்காக நீட்டினால் எங்கே போய் விழுமோ அங்கே. கிளைட் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும். நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பும். முதல் லெவலின் தொடக்கத்தில் பேய்கள் 7 நொடி கலைந்து திரிந்துவிட்டு, பிறகு 20 நொடி துரத்தல். ஒன்றோடொன்று பேசாத நான்கு பேய்கள், பேசி வைத்து வளைத்ததுபோல ஆகிவிடும்.

ஆகவே மேஸ் வரைவதிலேயே மாதங்களைக் கழிக்க வேண்டாம். வரைந்தே தீர வேண்டுமென்றால் மரக்காணத்து உப்பளத்தின் செயற்கைக்கோள் படத்தை எடுத்துக் கட்டம் போடுங்கள். வரப்பு வழி, பாத்தி சுவர். வரப்பு எதுவானாலும் இன்னொரு வரப்பில் போய்ச் சேரும். பேக்-மேன் மேஸிலும் முட்டுச்சந்து கிடையாது. தானாகத் திரும்பத் தெரியாத பேய் அதில் சிக்கினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். வேகத்துக்கும் அளத்திலேயே கணக்கு இருக்கிறது: உப்பைத் தலையில் சுமந்து குவியலுக்குப் போகும் நடை வேறு, கொட்டிவிட்டுத் திரும்பும் நடை வேறு. பேக்-மேனுக்கும் புள்ளியைத் தின்னும்போது வேகம் குறையும்.

துரத்துவது யார் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். வெயிலில் உழைக்கிறவரை மேஸ்திரி விரட்டுவதை வேடிக்கையாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. விளைந்த உப்பைக் கரைக்கும் வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே, நான்கு மேகங்களைத் துரத்த விடுங்கள். மேகம் வரப்பு பார்த்தா போகும் என்றால், அது வேறு ஆட்டம். அதையும் செய்து பார்க்கலாம்.

முழுதாக முடியவில்லை என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். பேக்-மேனே 256ஆம் லெவலில் உடைந்துபோகிறது. பழம் வரையும் நிரலில் எண் 255ஐத் தாண்டிப் பூஜ்யமாகிவிட, அது 256 பழங்களை வரையப் போய்த் திரையின் வலப் பாதியைக் குப்பையாக்கிவிடும்.

ஒரு பேய், ஒரு லெவல் ஒழுங்காக ஓடினால் நாலு பேரிடம் விளையாடக் கொடுங்கள். அடுத்த இதழுக்கு உங்கள் துரத்தல் விதிகளை எழுதி அனுப்புங்கள், பேய்க்கு ஒரு வரி போதும். மேஸ் படம் வேண்டாம்.