எந்தச் சக்கரத்தில் குற்றம்?

பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களில் பலரும் இடது சக்கரத்தைத்தான் கழற்றச் சொல்வார்கள். எங்கள் திருவொற்றியூர் மெக்கானிக் சிரிப்பார்: "இன்னா சார், லெப்ட்ல இழுக்குதா? அப்ப ரைட்ட கழட்டுவோம்."

அவர் கணக்கு பெரும்பாலும் தப்பாது. இடது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது. பிடிக்காமல் கிடப்பது வலது. அங்கே வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும், இல்லையென்றால் கசிந்த ஆயில் லைனிங்கில் ஊறியிருக்கும். வேலை செய்கிறவன் தலையிலேயே பழி விழுவது நம் அலுவலகங்களில் மட்டுமல்ல.

இந்த ஊரில் துருவுக்குக் கேட்க வேண்டுமா? உப்புக்காற்று இரும்புக் குழாயைக் கிளிப்புக்கு அடியில் அரிக்கும். பிரேக் ஆயிலோ ஈரத்தை உறிஞ்சும். தர விதிப்படி புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய ஆயிலுக்கோ 140 இருந்தாலே போதும். தார்ப்பாய்க்குள் பொத்திவைத்து வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கிற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் தின்கிறது. தினமும் ஓடும் கார்தான் இங்கே பிழைக்கும் என்பது என் கட்சி.

பெடலையும் கவனிக்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் பெரும்பாலும் ஏர். மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கி, வெளியே ஒழுகலும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர். இரண்டு மிதியில் மேலே வந்தால் முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்.

பாடாய்ப்படுத்துவது, காலை எடுத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்ளும் சக்கரம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். அப்போதும் சுற்றவில்லையென்றால் கோளாறு டிரம்முக்குள். சுற்றினால், அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது. அடுத்த முறை பிடித்துக்கொள்ளும்போது நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டர் பக்கத்துக் குழாயைத் தளர்த்துங்கள். விட்டால் மாஸ்டர் சிலிண்டர், அல்லது பெடலில் ப்ளே இல்லை. விடாவிட்டால் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே உப்பிப்போய், ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது.

பக்கத்து எண்ணூரில் ஒரு வேடிக்கை உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகும் முன், அங்கே ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அந்த ஏ40-இன் டெவன் மாடலில் முன் சக்கரங்களுக்கு மட்டுமே ஹைட்ராலிக். பின்னால் இழுப்பது கம்பி. விவரம் தெரியாமல் பின்சக்கரத்தில் ஏர் எடுக்க உட்கார்ந்தால், நிப்பிளைத் தேடிப் பொழுது போகும்.