கெட்டி ஆயில் வைத்தியம்

‘ரெண்டு லட்சம் ஓடின வண்டி சார், கெட்டி ஆயில்தான் ஊத்தணும்.’ இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தலையை ஆட்டியும் இருப்பீர்கள். நானும் ஆட்டியவன்தான். சமீபத்தில் உத்திரமேரூர் போய்வந்த பிறகு நிறுத்திவிட்டேன்.

மச்சினன் அங்கே இருக்கிறான். ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கினான். 2004-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1.8 லிட்டர், டர்போ, 150 குதிரை. அந்த நாளில் அது ஹைவேயில் நம்மைத் தாண்டிப் போனால் ஒரு பெருமூச்சு விட்டு நம் மாருதியைத் தட்டிக்கொடுப்போம். வாங்கியபோது புகை இல்லை, சத்தம் இல்லை. மூன்று மாதம் கழித்து, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலை ஊற்றினான். ஆரம்பித்தது நீலப் புகை.

“மாமா, இங்க மெக்கானிக் அண்ணன் 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றாரு. ஊத்தினா புகை நின்னுடுமாம்.”

நிற்கும். விற்றவரும் அதைத்தானே செய்திருக்கிறார்! கெட்டி ஆயில் என்பது பழைய கார் வியாபாரத்தில் பவுடர் மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போகிற வரை தாங்கினால் போதும்.

டப்பா மேல் இருக்கும் அந்த நம்பர்களைக் கொஞ்சம் பார்ப்போம். ‘டபிள்யூ’ என்றால் வின்ட்டர், குளிர்காலம். 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியில் சோதனை, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-ல். மார்கழிப் பனியிலும் தண்ணீர் உறையாத உத்திரமேரூரில் இதனால் என்ன என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது. 40 டிகிரியில், அதாவது நம் சித்திரை வெயிலில், 20டபிள்யூ-50 பொதுவாக 5டபிள்யூ-40-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் மேலே ஏற வேண்டும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ அதற்குக் காத்திருக்கிறது. கெட்டி ஆயில் ஆடி அசைந்து வருகிறது.

பின்னால் வரும் 40, 50 என்பது 100 டிகிரியில் அளப்பது. “நம்ம ஊர் வெயிலுக்கு 50 வேணும் சார்” என்பார்கள். வேண்டாம். சூடேறிய இன்ஜினில் தெர்மோஸ்டாட் வேலை செய்தால், ஊட்டியானாலும் உத்திரமேரூரானாலும் ஆயில் சுமார் நூறு டிகிரியில்தான் நிற்கும். வெயில் உங்களுக்கு, இன்ஜினுக்கு அல்ல.

சிபாரிசு செய்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘எஸ்எஃப்’. 1988-ம் அதற்கு முந்தைய இன்ஜின்களுக்குமான தரம் அது. அம்பாசிடர் காலத்துக் கஷாயம். மச்சினன் வண்டி கேட்பதோ ஃபோக்ஸ்வாகனின் 502.00 என்ற தரம். வெறும் கெட்டியை மட்டும் பார்த்து வாங்குவது, ரத்த வகை பார்க்காமல் ரத்தம் ஏற்றுவது போல.

மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. அவர் கற்றது பத்மினியில், அதற்கு அது சரி. நம் கதை என்ன? டேஷ்போர்டுக்குள் கிடக்கும் புத்தகத்தை எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? இத்தனைக்கும் இது உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். வாரியத்தில் இருந்துவிட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி நிற்கக் கூடாது என்கிறது கல்வெட்டு. பி.காம். படித்தவனுக்கு அதைப் படித்தால் புல்லரிக்கும். நம் வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதியவரைக் காட்டுங்கள்!

எழுதினால் காசு. இதே 1.8 டர்போ குடும்பத்து இன்ஜின் கொண்ட பஸாட், ஆடி ஏ4 கார்களில் ஆயில் கசடாக இறுகிப்போகும் புகார் அமெரிக்காவில் பெருகி, 2004-ல் கம்பெனி எட்டு வருட வாரண்டி கொடுத்தது. யாருக்கு? ஒழுங்காக ஆயில் மாற்றியதற்கு ரசீது வைத்திருந்தவருக்கு.

இன்னொரு கோஷ்டியும் உண்டு. ‘பெர்ஃபாமென்ஸ் கார்’ என்று சொல்லி, ரேஸுக்கான 10டபிள்யூ-60-ஐத் தேடிப் பிடித்து ஊற்றுகிறவர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் முழுக்க விரட்டினால் ஆயில் 120 டிகிரியைத் தாண்டும், அப்போது பேசலாம். நீங்கள் போவது செங்கல்பட்டு டோல் கேட் வரைக்கும்.

வயதான வண்டிக்கு 30-லிருந்து 40-க்குப் போகலாமா? புத்தகத்தின் அட்டவணை அனுமதித்தால் தாராளமாக. அதைத் தாண்டிப் போகிறவர் நோயைப் பார்க்கவில்லை, மறைக்கிறார்.

மச்சினன் வண்டியைத் திறந்து பார்த்ததில், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் சின்ன வால்வு அடைத்திருந்தது. அதையும் வெடித்துப்போன ரப்பர் குழாய்களையும் மாற்றியதில் புகை முக்கால்வாசி போயிற்று. மிச்சம் டர்போ சீல். அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஊற்றுவது 502.00 தரத்து 5டபிள்யூ-40. நோட்டும் போட்டிருக்கிறான்.

அந்த 20டபிள்யூ-50 டப்பா திண்ணையில் இருக்கிறது. கேட்டின் கீலுக்கு விடுகிறார்கள். கிறீச் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.