புகை தேவனுக்கு, கறி மனிதனுக்கு

பழைய கிரேக்க ஜனங்கள் ஆட்டைப் பலியிட்டுத் தங்கள் தேவர்களுக்கு எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? தொடை எலும்பைக் கொழுப்பால் சுற்றி எரித்து, அந்தப் புகையைத்தான்! கறியைக் கம்பியில் கோர்த்துச் சுட்டுத் தாங்களே சாப்பிட்டார்கள். இது பிரோமிதியுஸ் செய்த சூழ்ச்சியென்று ஹெஸியோட் என்னும் புலவர் கதை எழுதி வைத்தார். சூழ்ச்சியோ என்னவோ, பசிக்கிறவனுக்குக் கறியும் பசியாதவனுக்குப் புகையும் என்பதில் என்ன தப்பென்று கேட்கின்றோம்.

இன்று அந்நாட்டில் அதற்குச் சுவ்லாக்கி என்று பெயர். வீட்டிலேயே செய்யலாம்; யாதொரு மர்மமுமில்லை. இளம் ஆட்டுத் தொடைக் கறியை ஓரங்குலத் துண்டாக்கி, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, உலர்ந்த ஓரிகானோ இலை பிசறி இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். (இரவெல்லாம் புளிப்பில் ஊறினால் கறி குழைந்துபோகும்.) கரி வெண்சாம்பல் பூத்த பிறகே கம்பியை வைக்கவேண்டும். சுவாலையில் வைக்கிறவருக்கு வெளியே கரியும் உள்ளே பச்சையும்தான் மிச்சம். திருப்பித் திருப்பிச் சுமார் பத்து நிமிஷம் சுட்டால் சரி.

பங்கீட்டில்தான் நமக்குப் பழைய கிரேக்கரோடு சண்டை. ஹோமரின் இலியத்தில், அகமெம்னான் அரசன் விருந்தின் முதுகுக் கறியை அஜாக்ஸ் என்ற வீரனுக்குத் தனியே எடுத்துக் கொடுக்கின்றான். வீட்டில் அது வேண்டாம். கம்பிக்கு ஆறு துண்டென்றால் எஜமானருக்கும் ஆறு, குழந்தைக்கும் ஆறு. அனலில் வெந்து சுட்டுக் கொடுத்த பெண்ணுக்கு ஆறியதும் மிஞ்சியதும் என்பதென்ன நியாயம்? முதல் கம்பி அவர் கைக்கே போகட்டும்.