பின் கண்ணாடிக் கறுப்பு: ஒட்டுவது கடைக்காரர், கட்டுவது டிரைவர்!

சென்னை பேட்டர்ஸ் ரோடு. சீட் கவர், ஹாரன், பாட்டுப் பெட்டி, ஸ்டிக்கர் என்று வண்டி அலங்காரத்துக்குப் பேர் போன தெரு. அங்கே வருபவர்கள் கார்காரர்கள் மட்டும் அல்ல. காய்கறி, தண்ணீர் கேன், இரும்புக் கம்பி ஏற்றுகிற சின்ன லாரி டிரைவர்களும் வருகிறார்கள்.

"அண்ணே, பின்னாடி கண்ணாடிக்கு பிலிம் ஒட்டணும். வெயில் முதுகைச் சுடுது."

"ஒட்டிடலாம் தம்பி. எவ்வளவு கறுப்பு வேணும்?"

இந்தக் கேள்வியில்தான் வினை தொடங்குகிறது. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டியது, "எவ்வளவு வெளிச்சம் வரணும்?" என்பது. அதை அவர் கேட்பது இல்லை. டிரைவருக்கும் தெரிவது இல்லை.

டிரைவரின் கஷ்டம் பொய் அல்ல. காரில் பின் கண்ணாடி எங்கோ தள்ளி இருக்கிறது. சின்ன லாரியில் அது டிரைவரின் பிடரிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கோயம்பேட்டில் விடியற்காலையில் சரக்கு ஏற்றி, பகல் பூராவும் கடை கடையாக இறக்குகிறவர் அவர். ஏ.சி. என்ற பேச்சே கிடையாது. சித்திரை வெயிலில் அந்தக் கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

லாரி டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசாங்கம் அறிவிக்கை போட்டது. நல்ல காரியம். ஆனால் அது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கு. ஊருக்குள் சந்து சந்தாகச் சுற்றுகிற சின்ன வண்டி அதில் வராது. அவர் பாட்டுக்குப் பேட்டர்ஸ் ரோட்டுக்கு வந்து நிற்கிறார்.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

கறுப்பாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிரில் வருகிறது. மலிவான சாயம் போட்ட பிலிம் வெளிச்சத்தை நன்றாக மறைக்கும். அந்தத் தெரியாத சூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். கொஞ்ச காலத்தில் சாயம் வெளுத்துக் கத்தரிப்பூ நிறத்துக்கும் வந்துவிடும். பீங்கான் துகள் கலந்த 'செராமிக்' பிலிம் இதற்கு நேர்மாறு. பார்க்கத் தெளிவாக இருக்கும். சூட்டைத் தடுக்கும். விலைதான் கூட.

ஆக, காசு குறைவான பிலிம் கண்ணை மறைக்கிறது, சூட்டை விடுகிறது. டிரைவர் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்.

சட்டம் சொல்லும் கணக்கு

1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100வது விதி தெளிவாகச் சொல்கிறது. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வர வேண்டும்.

2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரே போடாகப் போட்டது. எந்த அளவானாலும் கண்ணாடியில் பிலிம் ஒட்டவே கூடாது என்று தீர்ப்பு. ஊர் ஊராகப் போலீசார் வண்டிகளை நிறுத்திப் பிலிமை உரித்தார்கள்.

பிறகு விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியும் தரத்துக்கு உட்பட்டிருந்தால் சேர்த்தி. இந்தத் திருத்தத்தைக் காட்டித்தான், 70, 50 அளவுக்குள் இருக்கும் பிலிமுக்கு அபராதம் போடக்கூடாது என்று கேரள ஐகோர்ட்டு 2024 செப்டம்பரில் சொன்னது. தீர்ப்பு பக்கத்து மாநிலத்துடையது. விதியோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

இங்கேதான் டிரைவர் ஏமாறுகிறார். கடையில் "இது எழுபது பிலிம் தம்பி, லீகல்" என்பார்கள். பிலிம் எழுபதுதான். ஆனால் அது ஒட்டப்போகும் கண்ணாடியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்கிறதே! இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி 90, பிலிம் 80 என்றால், வருவது 72. தேறும். லேசான பச்சை நிறக் கண்ணாடி 75, பிலிம் 70 என்றால், வருவது 52.5. பக்கக் கண்ணாடிக்குத் தேறும். பின் கண்ணாடிக்குத் தேறாது. அந்தப் பச்சைக் கண்ணாடியில் 90 பிலிம் போட்டாலும் 67.5தான். அப்போதும் தேறாது!

இந்தப் பெருக்கல் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கடை போர்டில் மட்டும் காணவில்லை.

ஒட்டுவதும் லேசு அல்ல

சட்டம் ஒரு பக்கம். வேலை இன்னொரு பக்கம். லாரிப் பின் கண்ணாடி என்றால் கைதேர்ந்த ஆளுக்கே வியர்க்கும்.

சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை நுழைய இடம் இராது. சீட்டைச் சாய்த்தோ கழற்றியோதான் ஒட்ட வேண்டும். அவசர ஆசாமி அதைச் செய்வது இல்லை. எட்டின வரைக்கும் இழுத்து ஒட்டுவார். கீழ் ஓரத்தில் குமிழி நிற்கும்.

சுற்றிலும் கறுப்புப் புள்ளி அச்சடித்த கண்ணாடி என்றால் இன்னொரு தொல்லை. புள்ளி மேடாக இருப்பதால் பிலிம் அங்கே பிடிக்காது. வெள்ளைக் கோடு போட்ட மாதிரி தெரியும். நகரும் கண்ணாடி என்றால், ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் பிலிம் ஓரம் ரப்பரில் உரசி உரியும். அதற்கு இடம் விட்டு வெட்டத் தெரிய வேண்டும். வளைந்த கண்ணாடி என்றால், வெளிப்பக்கம் வைத்துச் சூட்டுக் காற்றால் சுருக்கி, வடிவம் வந்த பிறகே உள்ளே ஒட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் தூசி போகக் கழுவ வேண்டும். ஷாம்பு கலந்த தண்ணீர் தெளித்து, நடுவில் இருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். மிச்ச ஈரம் காயச் சில நாள், சில சமயம் சில வாரம் ஆகும். அதுவரை கண்ணாடி மங்கலாகத்தான் இருக்கும். இதை எத்தனை கடையில் சொல்லி அனுப்புகிறார்கள்?

ரிவர்ஸ் எடுக்கும் நேரம்

"பின்னாடி கண்ணாடியில் என்ன தெரியப்போகுது, சைடு மிர்ரர் இருக்கே" என்று சிலர் வாதாடலாம். மூடிய பெட்டி வைத்த வண்டிக்கு அது சரி. திறந்த பாடி வண்டிக்குச் சரி இல்லை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகப் பின்னால் வரும்போது, நேர் பின்னால் நிற்பதைக் காட்டுவது அந்தக் கண்ணாடிதான்.

ராத்திரி எட்டு மணி. தெரு விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிகிறது. சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கறுப்பு பிலிம், அதுவும் குமிழி விழுந்த பிலிம். டிரைவர் ரிவர்ஸ் போடுகிறார். மேலே சொல்ல வேண்டியது இல்லை. கிளீனர் இறங்கி "வரலாம், வரலாம்" என்று தட்டுவது எல்லா வண்டியிலும் நடக்கிறதா? பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தானே!

அபராதம் யாருக்கு?

பிடிபட்டால், தனித் தண்டனை சொல்லாத குற்றங்களுக்கான 177வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை போடலாம். சில முதலாளிகள் அதை டிரைவர் கூலியிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஒட்டின கடைக்காரர் பாட்டுக்கு அடுத்த வண்டிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

இது நியாயம் அல்ல. செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று: பிலிம் ஒட்டுகிற கடை, கண்ணாடி எவ்வளவு, பிலிம் எவ்வளவு, கடைசியில் வருவது எவ்வளவு என்று பில்லில் எழுதித் தர வேண்டும். எழுத மறுக்கிற கடையில் டிரைவர் வண்டியை நிறுத்தக் கூடாது.

இரண்டு: போலீசார் கண்ணால் பார்த்து "கறுப்பு" என்று சொல்வதை விட்டு, மீட்டர் வைத்து அளந்து சொல்ல வேண்டும். அளவு சட்டத்தில் இருக்கும்போது அளக்காமல் அபராதம் எதற்கு?

மூன்று: வண்டி முதலாளிகள் கேபின் கூரைக்கு உள்ளே சூடு தாங்கும் அட்டை ஒட்டி, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒரு நல்ல மின்விசிறி போட்டுத் தர வேண்டும். அதற்கு எந்தக் கோர்ட்டும் தடை போடவில்லை.

டிரைவர் கேட்பது நிழல். அது அவருக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் பின்னால் நிற்கும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் வழியை மறைக்கிறார்கள்.