பரம்பரை வியாதி என்று சொல்லிவிட்டால் போதுமா?

"சலரோகம் எங்கள் பரம்பரை வியாதி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொள்வது எம்மவரிடையே சர்வசாதாரணம். பரம்பரை என்ற சொல்லில் ஒரு வசதி உண்டு. அதைச் சொன்னபின் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் அச்சொல் உண்மையில் ஒரு பாதியைத்தான் கூறுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடியினரிடையே 1965ஆம் ஆண்டு தொடங்கிய நீரிழிவு ஆய்வு பல தசாப்தங்கள் நீடித்தது. அத்தரவுகளைக் கொண்டு டானா டபேலியாவும் சக ஆய்வாளர்களும் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்தவர்களைவிட, வந்தபின் பிறந்த தம்பி தங்கையருக்கே அந்நோய் ஏற்படும் வாய்ப்பு பன்மடங்கு அதிகமாக இருந்தது. தந்தைக்கு நோய் வந்த காலத்தை வைத்துப் பார்த்தபோதோ அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. மரபணு மட்டுமே காரணமாயின் இது எவ்வாறு நிகழும்?

தாயின் குருதியிலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு கடப்பதில்லை. ஆகவே சிசுவின் கணையம் பிறக்குமுன்பே மேலதிக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சிசுவும் கொழுத்து வளர்கிறது. அவ்வாறு பிறந்த பெண்பிள்ளை வளர்ந்து கருவுறும்போது அவளுக்கும் நீரிழிவு ஏற்பட வாய்ப்பு அதிகம். பாதிப்பு பேரப்பிள்ளை வரை செல்கிறது.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதனை எழுதவில்லை. அந்தப் பணியைச் செய்ய உறவினர் போதுமான அளவில் இருக்கின்றனர்.

கண்டறிவதும் கடினமன்று. சென்னையின் வைத்திய நிபுணர் வி. சேஷையா நெடுங்காலம் வலியுறுத்திய முறையில் வெறுவயிறுகூடத் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, 2 மணி நேரத்தின் பின் குருதியில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். சிகிச்சையால் பிள்ளையின் பிற்கால நலம் எவ்வளவு மாறும் என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. எனினும் பிரசவச் சிக்கல்கள் குறைகின்றன என்பதில் ஐயமில்லை.

எனது கவலை பிரசவத்துக்குப் பின்னைய காலம் பற்றியது. சீனி இறங்கிவிட்டது என்றதும் தாயை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். 6 முதல் 12 வாரங்களுக்குள் அவளுக்கு மீண்டும் பரிசோதனை செய்யவேண்டும் என்பதே மருத்துவ விதி. குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் எப்படியும் கிளினிக் வருகிறாள். அன்றே அவளது குருதியையும் பரிசோதிப்பதில் என்ன தடை?