பொதியைக் கொடுத்தோம், கையைக் கொடுத்தோமா?

கடந்த மழைக்காலத்தில் கேகாலை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாங்கள் சிலர் உலருணவுப் பொதிகள் கொண்டு போனோம். லயனுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்ததால் அங்கிருந்த குடும்பங்கள் தோட்டத்துப் பாடசாலையில் தங்கியிருந்தன. மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. காலையில் பால் வெட்டிவிட்டு நேரே வந்திருந்த ஓர் அக்காவிடம் பொதியைக் கொடுத்துவிட்டு, ஏதோ நினைப்பில் என் வலக்கையையும் நீட்டினேன். அவர் தன் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துச் சேலையில் துடைத்தார். "வேணாம் தங்கச்சி, கையெல்லாம் றப்பர் பால் வாடை" என்றார். நானும் சிரித்துவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன். வரிசையில் அடுத்தவர் வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் உறுத்தியது. அவர் கையை இழுத்தது கூச்சத்தால். நான் எடுத்துக்கொண்டது எதனால்? உண்மையைச் சொன்னால், அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கைலாகு கொடுப்பது மிகப் பழைய வழக்கம். கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியச் சிற்பம் ஒன்றில் அசீரிய மன்னரும் பாபிலோனிய மன்னரும் கைகோத்து நிற்கிறார்கள். என் கையில் ஆயுதம் இல்லை என்று காட்டவே இந்த வழக்கம் தோன்றியது என்று பலர் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், பிரபுக்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் குனிவதை மறுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கை கொடுத்தார்கள். குனிபவன் கீழே இருக்கிறான். கை கொடுக்கும் இருவரோ ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. ஸலாம் சொல்லி முஸாபஹா செய்யும்போது, எதிரே நிற்பவரின் வாப்பா என்ன தொழில் செய்கிறார் என்று நாம் கேட்பதில்லை. பெருநாள் தினத்தில் கடைக்கார மாமியின் கையையும் டொக்டர் மாமியின் கையையும் ஒரே விதமாகத்தான் பற்றுகிறோம்.

தோட்டத்திலும் 'சலாம்' என்ற சொல் உண்டு. ஆனால் அது தொழிலாளி துரைக்குப் போட்ட சலாம். துரை வரும் பாதையில் ஒதுங்கி நின்று, தலையை மூடிய துண்டை எடுத்துவிட்டுப் போட்ட சலாம். பதிலுக்குத் துரை கை நீட்டியதாகத் தோட்டத்துப் பெரியவர்கள் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாந்தியை வேண்டும் ஒரு சொல், மலை ஏறியதும் அடங்கிப் போவதற்கான அடையாளமாகிவிட்டது.

அந்த மக்களின் கதி பேசப்பட்ட இடங்களிலும் அவர்களுடைய கைக்கு வேலை இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. 1974இல் அந்த மிச்சமும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு நாடுகள் நல்லெண்ணத்தோடு கை கொடுத்துக்கொண்டன. ஆனால் தலைமன்னாரில் கப்பலேறியவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அப்படியானால், மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் கை மட்டும் போதாது. எந்தக் கையைப் பற்ற யாரும் முன்வருவதில்லையோ, அந்தக் கையைப் பற்றும்போதுதான் கைலாகுக்கு முழு அர்த்தம் வருகிறது. 1987இல் எயிட்ஸ் நோயாளியைத் தொட்டாலே நோய் தொற்றும் என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்தது. அப்போது லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இளவரசி டயானா, கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். அந்த நோய்க்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை. ஆனாலும் பலருடைய அச்சத்தை அந்தக் கை குறைத்தது.

பின்னுக்கு இழுக்கப்படும் கையின் வலி நமக்கும் தெரியும், சகோதரிகளே. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிறகு வந்த மாதங்களை நான் மறக்கவில்லை. உம்மாவும் நானும் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே இருக்கும். அந்த நாட்களில் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி எங்கள் வாசலுக்கு வந்தார். உம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு உம்மா குசினிக்குள் போய் அழுதார். அந்த மாதத்தில் அவர் பயமில்லாமல் அழுதது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கை கொடுத்தால் தோட்டத்துச் சம்பளம் கூடுமா, லயன் வீடாகுமா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. அந்த மக்களுக்கு வேண்டியது பாதுகாப்பான நிலமும் வீடும்தான். கைலாகு அதற்கு ஈடாகாது. ஆனால் பொதியை மட்டும் கொடுத்துவிட்டு வருபவர் தன் கடமை முடிந்ததாக எண்ணி மறந்துவிடலாம். கையைப் பற்றிப் பெயரைக் கேட்டு வந்தவருக்கு, அடுத்த மழை பெய்யும்போது அந்த முகம் நினைவுக்கு வரும். அவர்களுக்காகப் பேசவேண்டும் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் பிறக்கும்.

ஆண்களோடு கைலாகு கொடுப்பது நம் வழக்கமல்ல. அங்கே நெஞ்சில் கை வைத்து மரியாதை சொல்லலாம். கொரோனாக் காலத்தில் உலகமே அப்படித்தான் செய்தது. ஆனால் பால் வெட்டும், கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு நாம் கை கொடுக்க என்ன தடை? மார்க்கம் தடுக்கவில்லை. நம்மைத் தடுப்பது வாடையும் கறையும், அவற்றுக்குப் பின்னால் நாம் ஒளித்துவைத்திருக்கும் மேல், கீழ் என்ற நினைப்பும்தான்.

எங்கள் குழு மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போகவிருக்கிறது. அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இம்முறை பொதியை முதலில் கீழே வைத்துவிட்டுப் பெயரைக் கேட்பேன். அவர் கையைத் துடைக்கப் போனால், துடைக்கும் முன்பே பிடித்துக்கொள்வேன்.