ஆல்ப்ஸ் மலையும் இரவல் கண்களும்

தமிழில் ஆல்ப்ஸ் பயணக் கட்டுரை என்று ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. சூரிச்சில் வேலை பார்க்கும் மகளோ மருமகனோ அழைக்க, ஊரிலிருந்து பெற்றோரும் சித்தப்பா சித்தியும் கிளம்பிப் போகிறார்கள். திரும்பியதும், குடும்பத்தில் எழுத வருகிற ஒருவர் பேனாவை எடுக்கிறார். ரயில் நொடி பிசகாமல் வருகிறது. ஏரி பளிங்குபோல் கிடக்கிறது. பனியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிறார்கள். 'இந்தப் பாட்டு இங்கேதான் எடுத்தார்கள்' என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசிப் பத்தியில், நம் நாடு என்றைக்கு இப்படி ஆகும் என்ற பெருமூச்சு. இதைப் பயண இலக்கியம் என்று சிற்றிதழ்களும் அச்சிடுவதுதான் என் வழக்கு.

உல்லாசமாகப் போனவரிடம் ஆய்வேட்டையா கேட்பது என்பார்கள். அவர்கள் மகிழ்ந்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அச்சேறிய எழுத்து, 'நீ எதைக் கண்டாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவர்கள் கண்டது மலையை அன்று. திரைப்படம் முன்பே காட்டிவைத்த மலையை.

திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர் யுங்ஃப்ராவ்யோக்கில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உயரம் 3454 மீட்டர். அந்தக் கணவாயின் வடசரிவில் உருகும் நீர் ஆரே ஆற்றில் விழுந்து, ரைனோடு கலந்து வடகடலுக்குப் போகிறது. தென்புறம் அலெட்ச் பனியாற்றில் உருகுவது, ரோன் ஆறு வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. ஒரே மலைமுகடு, இரண்டு கடல்கள்! தம் ஊருக்கு மேற்கே கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதையும், ஊர் அருகிலேயே குடமுருட்டி கிளைப்பதையும் பார்த்து வளர்ந்தவருக்கு அங்கே உடம்பு சிலிர்க்க வேண்டாமா? 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் பனியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்க்கும் மனிதரைவிட அந்த இழப்பின் பொருள் வேறு யாருக்கு விளங்கும்? அவரோ பாட்டு எடுத்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீர் மட்டுமா கண்ணில் படவில்லை? அந்தக் கணவாய்க்கு ரயில் ஏறும் பாதை, மலை வயிற்றைக் குடைந்து 7 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. 1896-இல் தொடங்கி 1912-இல் முடிந்த அந்த வேலையில் வெடிவைத்துப் பாறை உடைத்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியக் கூலிகள். சிலர் அங்கேயே மாண்டார்கள். இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 1983-க்குப் பின் உயிர் தப்பிச் சுவிட்சர்லாந்துக்கு வந்த ஈழத்தமிழர் பலர், உணவகச் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நம் பயணி சாப்பிட்டு எழுந்த மேசைக்குப் பின்னால், ஒரு சுவருக்கு அப்பால், தமிழ் பேசப்பட்டிருக்கக்கூடும். கட்டுரையில் சாப்பாட்டின் விலை இருக்கிறது; அந்தக் குரல் இல்லை.

இது தமிழுக்கு வராத கலை அன்று. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியார், தமிழ்நாட்டைப் பற்றிப் பலரும் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தும் வைத்தார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். அந்த மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ரயில் கட்டணப் பட்டியலை இலக்கியம் என்கிறோம்.

நட்டம் இலக்கியத்துக்கு மட்டுமன்று. அதே மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு இங்கே வருகிறார்கள். 'இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று சொல்லி அவர்களைக் காரில் ஏற்றிக் கொடைக்கானலுக்கு அனுப்புகிறோம். குடமுருட்டிக் கரையில் ஒருமுறை நிறுத்தி, இந்த நீர் எங்கே பிறந்தது, யார் வெட்டிய வாய்க்கால் வழியே எந்த வயலுக்குப் போகிறது என்று சொல்லத் தெரியாதவர், ரோன் ஆற்றைப் பற்றி மட்டும் எப்படி எழுதிவிடுவார்? வாசலில் ஓடும் ஆற்றைப் பார்க்காத கண் ஆல்ப்ஸையும் பார்ப்பதில்லை. விமானச் சீட்டு வாங்கிவிடலாம். கண்ணை ஊரிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.